ஓநாய் வந்தது, செலவு யாருடையது?

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள். அமெரிக்காவின் கோலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரின் மேற்குப் புறத்தில், ஐந்து கூண்டுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. ஆரிகன் மாநிலத்தில் பிடித்து விமானத்தில் கொண்டு வரப்பட்ட ஐந்து ஓநாய்கள் பனித்தரையில் இறங்கிக் காட்டுக்குள் ஓடி மறைந்தன. அந்த வாரத்திலேயே மேலும் ஐந்து விடப்பட்டன. 2025 ஜனவரியில் கனடாவிலிருந்து இன்னும் பதினைந்து வந்து சேர்ந்தன.

மனிதன் தானே வேரறுத்த ஒரு பிராணியை மறுபடியும் கொண்டு வந்து குடியேற்றுகிறான். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓநாயைப் பிடிக்க ஹெலிகாப்டர் வேண்டும். அது எங்கே போகிறது என்று அறியக் கழுத்தில் ரேடியோப் பட்டை வேண்டும். பின்தொடர ஆட்கள் வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஓநாய்க்குச் சாப்பாடு வேண்டும். மான் கிடைக்காத நாளில், சில சமயம் மான் கிடைக்கும் நாளிலும்கூட, அது பண்ணைக்காரரின் கன்றுக்குட்டியைத் தின்கிறது. இந்தச் செலவுகளை யார் ஏற்பது?

கோலராடோவில் இந்தக் கேள்வி கூர்மையாக எழுந்ததற்குக் காரணம் உண்டு. ஓநாயை மீண்டும் கொண்டுவருவதென்று முடிவு செய்தவர்கள் விஞ்ஞானிகளோ அதிகாரிகளோ அல்லர், வாக்காளர்கள். 2020 நவம்பரில் பொதுத் தேர்தலோடு சேர்த்து இதற்கும் வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 31 லட்சம் பேர் வாக்களித்ததில், ஆதரவுக்கும் எதிர்ப்புக்கும் இடையே இருந்த வித்தியாசம் 57,000 வாக்குகளே. ஆதரவு வாக்குகளில் பெரும்பகுதி மலைக்குக் கிழக்கே உள்ள டென்வர், போல்டர் முதலிய நகரங்களிலிருந்து வந்தது. ஓநாய்களை விட வேண்டிய இடம் மலைக்கு மேற்கே என்று சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. மேற்குப் பகுதி மாவட்டங்களில் பெரும்பாலானவை எதிர்த்து வாக்களித்தவை. ஓநாயைப் படத்தில் பார்த்து மகிழ்கிறவர் ஒருவர், தொழுவத்தில் பார்க்கிறவர் வேறொருவர்.

கொன்றதற்கும் காசு

ஓநாய்க்காக அரசாங்கம் பணம் செலவிடுவது புதிய வழக்கமன்று. முன்பு அது ஓநாயைக் கொல்வதற்காகச் செலவிடப்பட்டது. மேய்ச்சல் நிலங்களில் காட்டெருமைகளை வேட்டையாடித் தீர்த்துவிட்டு, அந்த இடத்தில் மாடுகளைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். இரையை இழந்த ஓநாய் மாடுகளின் பக்கம் திரும்பியது. மாண்டானாவில் மட்டும் 1883-க்கும் 1918-க்கும் இடையில் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓநாய்களுக்குப் பரிசுத் தொகை வழங்கப்பட்டது. 1915-இல் அமெரிக்க காங்கிரஸ் இந்த வேலைக்கென்று 1,25,000 டாலரை ஒதுக்கி, சம்பளம் வாங்கும் வேட்டைக்காரர்களை நியமிக்கச் செய்தது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் கடைசி ஓநாய்கள் 1926-இல் கொல்லப்பட்டன. பூங்கா ஊழியர்களே கொன்றார்கள் என்பதைக் கவனியுங்கள்.

1973-இல் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களைக் காக்கும் சட்டம் வந்தபின் காற்று திசை மாறியது. 1995-இலும் 1996-இலும் கனடாவிலிருந்து 31 ஓநாய்கள் யெல்லோஸ்டோனுக்கும், 35 ஓநாய்கள் ஐடஹோ மாநிலத்தின் நடுப்பகுதிக்கும் கொண்டு வரப்பட்டன. அதே அரசாங்கம், அதே மக்களின் வரிப்பணம். வேலை மட்டும் நேர்மாறு.

ஆனால் செலவைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றல்ல. கொன்ற காலத்தில், ஒரு தோலைக் கொண்டுவந்து காட்டினால் அதற்கு இத்தனை டாலர் என்று கணக்கு முடிந்தது. ஓநாய் உயிரோடு உலவும் காலத்தில் கணக்கு அவ்வளவு எளிதில் முடிவதில்லை. அது ஏன் என்று பார்ப்போம்.

செத்த கன்றின் சாட்சியம்

1987-இல் மாண்டானாவில், கனடாவிலிருந்து தாமாகவே எல்லை தாண்டி வந்த ஓநாய்கள் சில பண்ணைகளில் மாடுகளையும் ஆடுகளையும் கொன்றன. அப்போது நஷ்ட ஈடு கொடுக்க அங்கே எந்த அரசுத் திட்டமும் இல்லை. ‘வனவிலங்குக் காப்பாளர்கள்’ என்று பொருள்படும் பெயர் கொண்ட தனியார் சங்கம் ஒன்றின் பிரதிநிதியாக அங்கிருந்தவர் ஹாங்க் ஃபிஷர். அவர் ஓநாயை விரும்புகிறவர்களிடம் நன்கொடை திரட்டிப் பண்ணைக்காரர்களுக்குக் கொடுத்தார். ஓநாய் வேண்டும் என்கிறவர்தாம் அதற்கு விலை தர வேண்டும், வேண்டாம் என்கிறவர் தலையில் கட்டக்கூடாது என்பது அவருடைய வாதம். நேர்மையான வாதம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 2010 வரை நடந்த இந்தத் திட்டம் மொத்தம் சுமார் 14 லட்சம் டாலர் வழங்கியது. அதன்பின் மாநில அரசுகளும் மத்திய அரசின் மானியமும் அந்த இடத்துக்கு வந்தன.

பணம் யார் கொடுத்தாலும் நிபந்தனை ஒன்று உண்டு. கொன்றது ஓநாய்தான் என்று நிரூபிக்க வேண்டும். அது எப்படி?

செத்த கன்றைப் பரிசோதிக்கும் அதிகாரி முதலில் தோலை உரிக்கிறார். உயிரோடு இருக்கும்போது கடிபட்டிருந்தால், இதயம் இன்னும் இயங்கிக்கொண்டிருப்பதால் அந்த இடத்தில் இரத்தம் தசைக்குள் கசிந்து உறைந்திருக்கும். நோயினாலோ விஷப் பூண்டினாலோ செத்தபின் ஓநாய் வந்து தின்றிருந்தால், கடி இருக்கும். இரத்தக் கசிவு இருக்காது. பிறகு கோரைப்பற்களின் இடைவெளியை அளக்கிறார். கடிபட்ட இடம் தொடையா தொண்டையா என்று பார்க்கிறார். சுற்றிலும் காலடித் தடங்களைத் தேடுகிறார். இவ்வளவும் ஒத்து வந்தால் ‘உறுதி செய்யப்பட்டது’ என்று எழுதுகிறார். பண்ணைக்காரருக்குப் பணம் கிடைக்கும்.

இதில் உள்ள இடர்ப்பாட்டை நீங்களே ஊகித்திருப்பீர்கள். உடல் கிடைத்தால்தானே இத்தனையும்? அமெரிக்க மேற்கில் மாடுகள் கோடைக்காலம் முழுவதும் பல்லாயிரம் ஏக்கர் மலைக்காட்டில் மேய்கின்றன; நம் ஊரில்போல் அந்தி சாயும்போது வீடு திரும்புவதில்லை. இளங்கன்று ஒன்றை ஓர் ஓநாய்க் கூட்டம் ஒரே இரவில் ஏறக்குறைய முழுவதுமாகத் தின்றுவிடும். மிச்சத்தைக் கழுகும் காக்கையும் கரடியும் பார்த்துக்கொள்ளும். பத்து நாள் கழித்து எலும்பு கிடைத்தாலும் இரத்தக் கசிவுக்கு எங்கே போவது?

பௌதிக மாணவர்களுக்கு இது பழகிய பிரச்சினை. ஒரு கைகர் எண்ணியைக் கதிரியக்கப் பொருளின் அருகில் வைத்தால், வெளிப்படும் கதிர்கள் எல்லாவற்றையும் அது எண்ணிவிடுவதில்லை. சில வேறு திசையில் போகின்றன. சில குழாயின் ஊடே சென்றும் சிக்குவதில்லை. ஆகவே கருவியின் செயல்திறன் என்ன என்பதைத் தனியாகக் கண்டறிந்து, எண்ணிய எண்ணிக்கையை அதற்கேற்பப் பெருக்கிக்கொள்கிறோம். செயல்திறன் தெரியாமல் காட்டிய எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கொண்டு வரும் மாணவனுக்கு மதிப்பெண் கிடையாது. நஷ்ட ஈட்டுத் திட்டங்களோ நெடுங்காலம் அதைத்தான் செய்துவந்தன.

அந்தச் செயல்திறனை அளக்க ஐடஹோவில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. மலைச்சரிவில் மேயவிடப்பட்ட கன்றுகளின் காதில் ரேடியோக் கருவி பொருத்தினார்கள். கன்று அசையாமல் கிடந்தால் சமிக்ஞை மாறும். உடனே ஆராய்ச்சியாளர் தேடிப்போய்ப் பார்க்கலாம். பண்ணைக்காரர் வழக்கம்போல் தேடிக் கண்டுபிடித்தவை எத்தனை, ரேடியோ காட்டிக் கொடுத்தவை எத்தனை என்று ஒப்பிட்டார்கள். 2003-இல் வெளியான முடிவு இது: ஓநாய் கொன்ற கன்று ஒன்று கண்ணில் பட்டால், உண்மையில் எட்டு வரை கொல்லப்பட்டிருக்கக்கூடும்.

இந்த எட்டை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். அந்த ஆராய்ச்சியில் ஓநாயால் இறந்த கன்றுகள் மிகச் சில. இடமோ அடர்ந்த காடு. திறந்த புல்வெளியில் இந்த விகிதம் வெகுவாகக் குறையும். ஆயினும் எண் ஒன்று கையில் கிடைத்ததும் சட்டம் அதைப் பற்றிக்கொண்டது. வயோமிங் மாநிலத்தில், ஓநாய் வேட்டைப் பிராணியாக வகுக்கப்பட்டுள்ள வடமேற்குப் பகுதியில், உறுதி செய்யப்பட்ட ஒரு கன்றுக்கு ஏழு கன்றுகள் வரை ஈடு கேட்கலாம். மலைக்காட்டில் செய்த அளவீடு மற்ற இடங்களுக்கும் பொருந்துமா என்ற விவாதம் தொடர்ந்து நடக்கிறது. பண்ணைக்காரர் பெருக்கும் எண்ணைக் கூட்டச் சொல்கிறார்; வரி செலுத்துவோரின் பக்கம் நிற்பவர் குறைக்கச் சொல்கிறார். யார் செலவை ஏற்பது என்ற அரசியல் கேள்வி, கடைசியில் ஓர் அளவீட்டுக் கேள்வியில் வந்து நிற்கிறது.

எடை குறைந்த கன்றுகள்

சாவு மட்டுமே நஷ்டம் என்றாலும் கணக்கு ஒருவாறு முடியும். அப்படியும் இல்லை.

மேற்கு மாண்டானாவில் 18 பண்ணைகளின் பல ஆண்டுக் கணக்குப் புத்தகங்களை மாண்டானா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டனர். மழையளவு, பனி, புல்லின் பசுமை, மாட்டு இனம் ஆகியவற்றின் விளைவுகளைப் பிரித்து விலக்கியபின் கிடைத்த முடிவு: ஓநாய் ஒரு கன்றையேனும் கொன்ற பண்ணையில், உயிர் பிழைத்திருக்கும் கன்றுகளின் சராசரி எடை 22 பவுண்டு, அதாவது 10 கிலோ குறைகிறது. பயந்த மந்தை நிம்மதியாக மேய்வதில்லை. நல்ல புல் இருக்கும் இடத்தை விட்டுப் பாதுகாப்பான இடத்தில் ஒண்டிக்கொள்கிறது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். 250 கன்றுகள் உள்ள பண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். 250-ஐப் பத்தால் பெருக்கினால் 2,500 கிலோ. இலையுதிர் காலத்தில் கன்றை எடைபோட்டு விற்கும் பண்ணைக்காரருக்கு இது, செத்துப்போன ஒன்றிரண்டு கன்றுகளின் விலையை விடப் பல மடங்கு நஷ்டம்.

அதே ஆராய்ச்சி இன்னொன்றையும் சொல்லியது. ஓநாய்கள் அக்கம்பக்கத்தில் உலவினாலும் மந்தையில் எதையும் கொல்லாத பண்ணைகளில் எடைக் குறைவு எதுவும் தென்படவில்லை. ஓநாய் இருப்பதாலேயே எல்லாரும் நஷ்டப்படுகிறார்கள் என்று கூறுவோர் இந்த இரண்டாம் பாதியைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்!

எதிர்ப்பக்கத்தாரும் ஒன்றை மறக்கிறார்கள். வட ராக்கி மாநிலங்களில் ஓநாயால் இறக்கும் மாடுகள் மொத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்று அவர்கள் புள்ளிவிவரம் காட்டுவார்கள். உண்மையான புள்ளிவிவரம்தான். ஆனால் ஆற்றின் சராசரி ஆழம் மூன்றடி என்று கணக்குப் போட்டு இறங்கிய மனிதனின் கதை நமக்குத் தெரியும். ஓநாய் நஷ்டம் எல்லாப் பண்ணைகளிலும் சமமாகப் பரவுவதில்லை. ஆயிரம் பண்ணைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றுமே நேராது. ஓநாய் குட்டி போட்ட பள்ளத்தாக்கில் இருக்கும் நாலைந்து பண்ணைகளில் மட்டும் ஆண்டுதோறும் அடி விழும்.

லாபம் யாருக்கு?

இதுவரை செலவை மட்டும் பார்த்தோம். வரவையும் பார்க்க வேண்டாமா?

யெல்லோஸ்டோனுக்கு ஓநாயைப் பார்ப்பதற்கென்றே மக்கள் வருகிறார்கள். விடியற்காலையில் லாமர் பள்ளத்தாக்கில் தொலைநோக்கிகளை வரிசையாக நிறுத்தி வைத்துக்கொண்டு குளிரில் காத்திருப்பார்கள். மாண்டானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டஃப்பீல்டும் அவருடைய குழுவினரும் 2005-இல் பார்வையாளர்களிடம் விசாரித்துக் கணக்கிட்டதில், ஓநாய்க்காக வருவோர் சுற்றியுள்ள மூன்று மாநிலங்களில் செலவிடும் தொகை ஆண்டுக்கு மூன்றரைக் கோடி டாலர் என்று தெரிந்தது. இந்தப் பணம் ஓட்டல்காரருக்கும் வழிகாட்டிக்கும் பெட்ரோல் பங்குக்காரருக்கும் போகிறது. கன்றை இழந்தவருக்கு இதில் ஒரு காசும் போவதில்லை.

விஸ்கான்சின் மாநிலத்துக் கணக்கு இன்னும் விநோதமானது. அங்கே சாலைகளில் மான்கள் குறுக்கே பாய்ந்து கார்களில் மோதுவது பெரிய தொல்லை. ஓநாய்கள் குடியேறிய மாவட்டங்களில் இத்தகைய விபத்துகள் சுமார் 24 சதவீதம் குறைந்தன என்று 2021-இல் ஜெனிஃபர் ரேனரும் உடன் ஆராய்ந்தவர்களும் கண்டறிந்தனர். மான்களின் எண்ணிக்கை குறைந்தது காரணத்தில் ஒரு பகுதிதான். ஓநாய்கள் சாலை போன்ற நேர்ப்பாதைகளில் நடப்பதை விரும்புகின்றன. ஆகவே மான்கள் அவ்விடங்களைத் தவிர்க்கின்றன. விபத்துக் குறைவால் மிச்சமாகும் தொகை, அந்த மாநிலத்தில் ஓநாயால் கால்நடைகளுக்கு ஏற்பட்டதாக உறுதி செய்யப்பட்ட நஷ்டத்தைப் போல் 63 மடங்கு! ஆனால் அந்த மிச்சம் யார் பையில்? கார் வைத்திருப்பவரிடமும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும். தம் கார் மோதாமல் தப்பியதற்கு ஓநாய் காரணம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பண்ணைக்காரரை ஏழை உழவராக மட்டும் எண்ணிவிடவும் கூடாது. மேற்கில் பலர் தம் மாடுகளை மேய்ப்பது மத்திய அரசின் நிலத்தில். அதற்குக் கட்டணம், ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய, 2019 முதல் 2025 வரை 1 டாலர் 35 சென்ட்தான். தனியார் நிலத்தில் இதைப்போல் பல மடங்கு கொடுக்க வேண்டும். பொதுமக்களின் நிலத்தில் சலுகையாக மேய்ப்பவர், அதே பொதுமக்கள் விரும்பும் பிராணியைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. அதில் நியாயம் இல்லாமலில்லை. சொந்த நிலத்தில் கன்றை இழந்தவரிடம் இந்த வாதம் செல்லாது.

துப்பாக்கி வரியும் வண்டிப் பலகையும்

ஓநாயை எண்ணிக் கண்காணிக்கும் அன்றாட வேலைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? இங்கே நம் நாட்டு வழக்கத்துக்கு மாறான ஓர் ஏற்பாடு இருக்கிறது. அமெரிக்க மாநிலங்களின் வனவிலங்குத் துறைகள் பெரும்பாலும் வேட்டைக்காரர்களின் பணத்தில் நடக்கின்றன. 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் நூற்றுக்கு 11 வீதம் தீர்வை விதித்து, அதை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். இதோடு வேட்டை லைசென்சுக் கட்டணமும் சேருகிறது. ஓநாயின் முக்கிய இரையோ எல்க் என்னும் பெரிய மான். வேட்டைக்காரர் தேடிப் போவதும் அதையே. என் போட்டியாளனை வளர்க்க என் காசா என்று அவர் கேட்கிறார். எனவே கோலராடோ 2021-இல் ஒரு சட்டம் செய்து, ஓநாயைக் குடியேற்றும் செலவுக்கு லைசென்சுப் பணத்தைத் தொடக்கூடாது என்று தடுத்தது. பொது வரிப்பணத்திலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

வாக்கெடுப்புக்குமுன் வாக்காளர்களுக்கு அனுப்பப்பட்ட விளக்கப் புத்தகத்தில், 2023-24 முதல் ஆண்டுக்குச் சுமார் 8 லட்சம் டாலர் செலவாகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 2023-இல் நஷ்ட ஈட்டுக்கெனத் தனி நிதியும் ஏற்பட்டது: முதல் ஆண்டுக்கு 1,75,000 டாலர், பிறகு ஆண்டுக்கு 3,50,000 டாலர். ஒரு பிராணிக்கு 15,000 டாலர் வரை கேட்கலாம். காணாமற்போன கன்றுகளுக்கும், எடை குறைவுக்கும், பசுக்கள் சினைப்படாமல் போனதற்கும்கூட ஈடு உண்டு. பல திட்டங்கள் எண்ணாதவற்றை இத்திட்டம் எண்ணத் தொடங்கியது.

எண்ணத் தொடங்கியதும் என்ன ஆயிற்று? 2025 மார்ச்சில் இரண்டே பண்ணைகளுக்கு 3,43,000 டாலருக்கு மேல் வழங்க ஒப்புதல் அளிக்கப்பட்டது. ஓர் ஆண்டுக்கென ஒதுக்கிய தொகை ஏறக்குறைய முழுவதும் அந்த இரண்டு பண்ணைகளுக்கே சரியாகிவிட்டது. இதைக் கண்டு சிலர் பண்ணைக்காரர்கள் பேராசைப்படுகிறார்கள் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நஷ்டம் அந்த ஆண்டில் திடீரென்று பிறந்துவிடவில்லை. மற்ற மாநிலங்கள் பலவற்றில் அது பண்ணைக்காரரின் சொந்தக் கணக்கில் சத்தமில்லாமல் எழுதப்பட்டு வந்தது. இங்கே அது அரசாங்கத்தின் கணக்குக்கு மாறி, எல்லார் கண்ணிலும் பட்டது. அதே சமயம், எடை குறைந்ததற்கு ஓநாய்தான் காரணமா, வறட்சியா என்று முந்தைய ஆண்டுகளின் எடையோடு ஒப்பிட்டுத் தீர்மானிப்பது எளிதான காரியமன்று. மாண்டானா ஆராய்ச்சியாளர்களுக்குப் பல ஆண்டுக் கணக்கு தேவைப்பட்டது. நஷ்ட ஈடு தரும் அதிகாரிக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

நஷ்டம் வருமுன் தடுப்பதற்கு வேறொரு வழியில் பணம் திரட்டுகிறார்கள். 2024 முதல் கோலராடோவில் கார் வைத்திருப்போர் விரும்பினால், கூடுதல் கட்டணம் செலுத்தி, ஓநாய் படம் போட்ட எண் பலகையை வாங்கி வண்டியில் மாட்டிக்கொள்ளலாம். அந்தப் பணம் ஓநாயைக் கொல்லாமல் மந்தையைக் காக்கும் வழிகளுக்கே செல்கிறது. கயிற்றில் சிவப்புத் துணித் துண்டுகளைத் தொங்கவிட்டு வேலிபோல் கட்டுவது அவற்றில் ஒன்று. காற்றில் அசையும் துணியைக் கண்டு ஓநாய் மிரளும். இரண்டு மாதம் போனால் பழகிக்கொள்ளும். எனவே கன்று ஈனும் பருவத்துக்கு மட்டும் உதவும்.

இன்னொரு வழி ஆள் போட்டுக் காவல் காப்பது. 2025-இல் அம்மாநிலத்தின் வனவிலங்குத் துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து, குதிரையில் மந்தையைச் சுற்றிவரும் காவலர்களைக் கூலிக்கு அமர்த்தின. அவர்களுடைய வேலை பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும்; ஓநாய் நடமாடும் நேரம் அதுதான். மனித வாடை அடித்தால் ஓநாய் விலகும், சிதறிய மாடுகளையும் ஒன்றுசேர்க்கலாம். கன்று ஒன்று செத்துக் கிடந்தாலும் அவர்கள் கண்ணில் மறுநாள் காலைக்குள் பட்டுவிடும். தோலுக்கு அடியில் இரத்தக் கசிவு அப்போதும் அழியாமல் இருக்கும்.